புதுசா குரூப்ல சேர்றவங்களுக்கு என்ன சொல்லலாம்? கொஞ்சம் உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். செடி வளர்க்கிறவங்க குரூப் ஒண்ணுக்கு அட்மினா இருக்கேன், புதுசா சேர்றவங்களுக்கு அனுப்ப ஒரு சின்ன குறிப்பு எழுதணும், அதுக்கு உங்க யோசனை வேணும்.

அடிக்கடி நடக்கறது இதான், உள்ள வந்த உடனே முன்னாடி என்ன பேசியிருக்காங்கன்னு பாக்காம "இலை மஞ்சளாகுது என்ன பண்ண"ன்னு மட்டும் போடறாங்க, என்ன செடி, தொட்டியா தரையா, எவ்ளோ தண்ணி விடறாங்க, போட்டோ, எதுவுமே இல்ல. பதில் சொல்ல வர்றவங்கதான் திருப்பி கேள்வி கேக்கணும். உடனே பதில் வரலன்னா அதே கேள்வி மறுபடியும், அப்புறம் ஒவ்வொருத்தர் இன்பாக்ஸ்லயும். கேக்காம தனியா மெசேஜ் பண்றது, அதுவும் பெண்களுக்கு, ரொம்ப சங்கடம், இத கண்டிப்பா எழுதணும்.

1995ல வந்த ஆர்எஃப்சி 1855ங்கற இணைய நாகரிக வழிகாட்டியிலயே, எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசம் படிச்சு அந்தக் குழுவோட பழக்கத்த புரிஞ்சுக்கோங்கன்னு இருக்கு. இப்போ அவசர சந்தேகத்தோடதானே வர்றாங்க, அவ்ளோ நாள் எப்படி காத்திருப்பாங்க, ஒரு நாள் படிங்கன்னு சொன்னா போதுமா?

இன்னொண்ணு, சொன்ன பதில் உதவுச்சா இல்லையான்னு திரும்பி வந்து சொல்றவங்க ரொம்ப கம்மி. சொன்னா அடுத்து தேடறவங்களுக்கும் பயன்படும்.

இதெல்லாம் மிரட்டற மாதிரி இல்லாம எப்படி எழுதறது? பயந்துபோய் யாரும் கேக்காமலே இருந்துடக்கூடாது. உங்க குரூப்ல இப்படி குறிப்பு இருந்தா இங்க போடுங்க, நாலஞ்சு வரிக்குள்ள இருந்தா இன்னும் நல்லது.