ஸ்பார்க்ஸ்: விதைநெல்லை விற்றாயிற்று, இனி என்ன செய்வது?

(அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான WNBA-வில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணியைப் பற்றி, அதன் ரசிகர்கள் 2025-26 குளிர்காலத்தில் புனைபெயர்களில் பேசிக்கொண்டது.)

கடைசி குவார்ட்டர்:
2025 நவம்பர் 23 குலுக்கலைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ட்ராஃப்ட் என்பது புது வீராங்கனைகளை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுப்பது, அந்த வரிசையில் ஓர் இடம்தான் பிக். முதல் பிக்குகள் யாருக்கு என்பது குலுக்கலில் தெரியும், அதிகம் தோற்ற அணிக்கு அதில் வாய்ப்பு அதிகம். 2026 ட்ராஃப்டின் மூன்றாவது பிக், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் தோற்றுத் தோற்றுச் சேர்த்தது. அதை அறுவடை செய்யப்போவது சியாட்டில் ஸ்டார்ம். 2024 ஜனவரியில் அந்த வருஷத்து நான்காவது பிக்கையும் கியா நர்ஸையும் வாங்கிக்கொண்டு, 2026 முதல் சுற்று பிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான்காவது பிக்கில் வந்தவர் ரிக்கியா ஜாக்சன். அதனால் அந்தக் கணக்கை நான் கிளறவில்லை.

என் சண்டை 2025 பிப்ரவரியோடு. 8 வெற்றி, 32 தோல்வி (8-32) என்று லீக்கிலேயே கடைசியாகக் கிடந்ததற்குக் கிடைத்த ஒரே ஆறுதல் இரண்டாவது பிக். மூன்று அணிகள் சேர்ந்த ட்ரேடில் (ஆள் மாற்றத்தில்) அதையும் வீராங்கனை லீ யூருவையும் அதே சியாட்டிலுக்கு அனுப்பி, லாஸ் வேகாஸ் அணியிலிருந்து கெல்சி ப்ளமை எடுத்தார்கள். சியாட்டில் அந்த பிக்கில் டொமினிக் மலோங்காவைப் பிடித்தது. வயது 19, உயரம் ஆறடி ஆறு அங்குலம்.

நமக்கு? 21-23, ஒன்பதாவது இடம், தொடர்ந்து ஐந்தாவது வருஷமாகப் பிளேஆஃப் (முதல் எட்டு அணிகள் ஆடும் கோப்பைச் சுற்று) இல்லை. பஞ்சத்தில்கூட விதைநெல்லில் கைவைக்கக் கூடாது என்பார் எங்கள் தாத்தா. இப்போது ப்ளம், டியரிக்கா ஹாம்பி, அசுரா ஸ்டீவன்ஸ் மூவரின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. இந்த முறையாவது இளையவர்களான கேமரன் பிரிங்க், ஜாக்சன், சாரா ஆஷ்லி பார்க்கர் மூவரையும் வைத்து அணியைக் கட்டட்டும். 31 வயது ப்ளமுக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம்.

ஆறாவது ஆள்:
அண்ணே, விதைத்ததெல்லாம் முளைத்துவிடுமா? இந்தியானா அணியைப் பாருங்கள். 2022 ட்ராஃப்டில் முதல் பத்துக்குள் நான்கு பிக் அவர்கள் கையில்: 2, 4, 6, 10. நலிசா ஸ்மித், எமிலி எங்ஸ்ட்லர், லெக்சி ஹல், குயீன் எக்போ. 2025 சீசனில் அங்கே மிஞ்சியிருந்தது ஹல் ஒருவர்தான்.

ப்ளம் ட்ரேடில் ஒன்பதாவது பிக்கும் வந்தது என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள். நீங்கள் 'கட்டுங்கள்' என்று சொல்லும் பார்க்கர் அந்த பிக்தான்! அப்புறம், வேகாஸ் ப்ளமை 'கோர்' பிளேயராக அறிவித்திருந்தது, அதாவது அவரோடு பேரம் பேசும் உரிமை அவர்களுக்கு மட்டும். சும்மா அழைத்து வந்திருக்க முடியாது, விலை கொடுத்தே ஆகவேண்டும்.

கடைசி குவார்ட்டர்:
இந்தியானாவை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று தம்பி. 2022-ல் 5-31. 2023-ல் அலியா பாஸ்டன், 2024-ல் கெய்ட்லின் கிளார்க், இரண்டுமே முதல் பிக். 2025-ல் கிளார்க் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தபோதே அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம் வரை போனார்கள். பொறுமைக்குக் கூலி அது.

ஆறாவது ஆள்:
2017 முதல் 2023 வரை ஏழு சீசன் பிளேஆஃப் பக்கமே போகவில்லை அவர்கள். 2001, 2002, 2016 என்று மூன்று கோப்பை தூக்கிய நம் லாஸ் ஏஞ்சலஸில் ஏழு வருஷம் யார் காத்திருப்பார்கள்?

அதுவும் குலுக்கல் கைகொடுத்ததால். நமக்கு? 2025 ட்ராஃப்டுக்கான குலுக்கலில் அதிக வாய்ப்பு நம் கையில்தான் இருந்தது. முதல் பிக் டல்லஸுக்குப் போனது, பெய்ஜ் பெக்கர்ஸும் போனார். தோற்பதையே ஒரு திட்டமாக வைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

2025 ஆகஸ்டில் அதே டல்லஸோடு ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? நம்மூரில் அது காலை நேரம். ஆபீஸுக்குக் கிளம்பாமல், இட்லித் தட்டோடு டிவி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். பெக்கர்ஸ் 44 புள்ளி. எறிந்ததெல்லாம் கூடைக்குள். 'நமக்கு வரவேண்டிய பொண்ணு இது' என்று வீட்டில் யாருக்கும் புரியாத புலம்பல். அப்புறம் கடைசி நொடியில் ப்ளம் போட்டார், 81-80. ஜெயித்தோம். தட்டில் சாம்பார் ஆறிப்போயிருந்தது.

கார்னர் த்ரீ:
அந்த ஒரு ஷாட்டுக்கு இரண்டாவது பிக் விலையா? சாம்பாருக்கே அந்தக் காசு போதுமே 😄

பழைய சென்டர்:
இரண்டு பேரும் ப்ளமையே சுற்றுகிறீர்கள். ஒன்பதாவது இடத்துக்கு ப்ளமா காரணம்? ஆட்டத்துக்கு 19 புள்ளிக்கு மேல் போட்டவர் அவர். ஹாம்பி 18-க்கு மேல். புள்ளி எடுப்பதில் இந்த அணிக்குப் பஞ்சமே இல்லை. எதிரணியைத் தடுப்பதில்தான் லீக்கின் கடைசி வரிசையில் நின்றோம். எதிரணி கார்டு (பந்தைக் கொண்டுவரும் ஆள்) பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே புகுந்தால் கூடைக்கு முன்னால் யாருமே இல்லை. அந்த இடம் பிரிங்குடையது.

பிரிங்க் 2024 ஜூன் 18-ல் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தார். திரும்பியது 2025 ஜூலை 29. இரண்டு சீசனிலும் சேர்த்து 34 ஆட்டம். அவரை மையமாக வைத்து அணி கட்டச் சொல்கிறார் கடைசி குவார்ட்டர். எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கும் காலேஜில் அதே காயம், வலது முழங்கால். டாக்டர் 'ஆடலாம்' என்று சொல்லி மூன்று மாதம் ஆகியும், ரீபவுண்டுக்குக் குதித்தால் இடது காலில் மட்டும்தான் இறங்குவேன். எனக்கே அது தெரியாது. கோச் போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. திரும்பிய வருஷத்தில் யாரையும் எடைபோடக் கூடாது, அவர் தலையில் பாரத்தையும் ஏற்றக் கூடாது. பிரிங்குக்குப் பக்கத்தில், கூடைக்குக் கீழே நிற்க உயரமான இன்னொரு பெரிய ஆள் வேண்டும். ஸ்டீவன்ஸ் போய்விட்டால் அந்த வேலைக்கு யார்?

கடைசி குவார்ட்டர்:
அக்கா, என் வாதமே அதுதானே. இன்னொரு பெரிய ஆள் என்றால் மலோங்கா! 2025 சம்பளத்தைப் பாருங்கள். அணியின் மொத்த வரம்பு 15,07,100 டாலர். இரண்டாவது பிக்கின் சம்பளம் 78,831. வரம்பில் இருபதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ரூக்கி (புது வீராங்கனை) ஒப்பந்தம் மூன்று வருஷம், நான்காவது வருஷம் வேண்டுமா என்பது அணியின் விருப்பம். பிரிங்கும் மலோங்காவும் சேர்ந்து நின்றால் கூடைக்குக் கீழே ஈ நுழையுமா?

பழைய சென்டர்:
நுழையாது. ஆனால் பிப்ரவரியில் கையில் இருந்தது மலோங்கா இல்லை தம்பி, ஒரு நம்பர். ட்ராஃப்ட் ஏப்ரலில். ஸ்பார்க்ஸ் அவரைத்தான் எடுத்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆறாவது ஆள்:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. முதல் 20 ஆட்டத்தில் 6-14. அடுத்த 24-ல் 15-9. நடுவில் மாறியது என்ன? ஜூலி அலெமான்ட் பெல்ஜியத்தோடு யூரோபாஸ்கெட் (ஐரோப்பியக் கோப்பை) ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தார். பந்தைக் கொண்டுவரும் வேலை ப்ளமின் தோளிலிருந்து இறங்கியது. கடைசியில் பிரிங்கும் வந்துவிட்டார். அந்த அணியை முழு சீசன் ஆடவிட்டுப் பார்க்காமலே கலைக்கச் சொல்கிறீர்கள்.

முக்கியமானதைக் கேளுங்கள். 2026 முதல் சுற்று பிக் நம்மிடம் இல்லை. 2026-ல் அணியைப் பிரித்துப் போட்டு 8-36 என்று முடித்தால் யாருக்கு லாபம்?

கடைசி குவார்ட்டர்:
2027-க்கு லாபம்.

ஆறாவது ஆள்:
குலுக்கல் இரண்டு சீசன் கணக்கைக் கூட்டித்தான் நடக்கும். 2027-க்கு 2025-ன் 21 வெற்றியும் சேர்ந்து எண்ணப்படும். முழுக்கத் தோற்கவும் முடியாது, முழுக்க ஜெயிக்கவும் மாட்டோம். அந்தரத்தில் தொங்குவோம்.

கார்னர் த்ரீ:
நான் சொல்ல வந்தது வேறு. யார் எவ்வளவு சம்பளத்துக்கு வருவார்கள் என்றே இப்போது பேச முடியாது. 2024 அக்டோபரில் வீராங்கனைகள் சங்கம் லீக்கோடு போட்டிருந்த பழைய பொது ஒப்பந்தத்திலிருந்து விலகியது தெரிந்ததுதான். புதியது இன்னும் கையெழுத்தாகவில்லை, 2026 ஜனவரி 9 வரை தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சம்பள வரம்பு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் 'நீண்ட ஒப்பந்தம், குட்டி ஒப்பந்தம்' என்று சண்டை போடுவது, பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுவது மாதிரி. போதாததற்கு டொரான்டோ, போர்ட்லேண்ட் என்று இரண்டு புது அணிகள் வேறு ஆள் பொறுக்க வரும்.

பழைய சென்டர்:
வரம்பு ஏறும் என்பது மட்டும் நிச்சயம். அதனால்தானே எல்லாரும் ஒப்பந்தத்தை 2025-ல் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டார்கள். லீக் முழுக்க மூத்த ஆட்கள் சந்தையில் நிற்கும் குளிர்காலம் இது. இப்போது உடம்பில் தெம்புள்ள, தடுக்கத் தெரிந்த ஒரு ஃபார்வர்டைப் பிடிக்காவிட்டால் பிறகு எப்போது பிடிப்பது? அப்படி ஒருத்தி இங்கே வரவேண்டும் என்றால் 'இந்த அணி ஜெயிக்கப் பார்க்கிறது' என்று அவளுக்குத் தோன்றவேண்டும். ப்ளமை அனுப்பிவிட்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசி குவார்ட்டர்:
சரி அக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். 2026-ல் தோற்பதில் நமக்கு எதுவும் இல்லை, அதுவும் சரி. ஆனால் கொடுத்தது தப்பு என்பதிலிருந்து நான் இறங்கப்போவதில்லை. ஒன்பதாவது இடத்துக்காக இரண்டாவது பிக்கைக் கொடுத்தோம். எட்டாவது இடத்தை அந்த வருஷமே பிறந்த கோல்டன் ஸ்டேட் எடுத்துக்கொண்டது. 23-21. இரண்டே இரண்டு வெற்றி. அந்த அணிக்கு ப்ளம் மாதிரி ஒரு பெயர்கூட இல்லை, தடுக்கத் தெரிந்த பத்துப் பேர் இருந்தார்கள்.

ப்ளமுக்கு இரண்டு வருஷம். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது.

ஆறாவது ஆள்:
அப்போ ஹாம்பி? 32 வயது என்று அவரையும் கழித்துவிடுவீர்களா?

கடைசி குவார்ட்டர்:
அதற்கு நாளைக்குச் சண்டை போடலாம் தம்பி. காலை ஷிப்ட் இருக்கிறது.