விழித்திரை நாளங்கள்: கணினி வரைந்தால் போதுமா?

தெம்பனிஸ்வாசி:
விழித்திரைப் படத்தில் ரத்த நாளங்களைத் தானாகக் கோடு போட்டுப் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் 95 விழுக்காடு துல்லியத்தைத் தாண்டிவிட்டன. இனி மனிதர் எதற்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைய வேண்டும்?

ஈசூன் அக்கா:
தம்பி, அந்த 95-ஐப் பார்த்து மயங்காதீர்கள். படத்தில் நாளங்கள் பிடிக்கும் இடம் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட இருக்கலாம். ஒரு கோடும் போடாமல் ‘எல்லாம் பின்னணி’ என்று சொல்லும் மென்பொருளுக்கே கிட்டத்தட்ட 88 கிடைத்துவிடும்! கோட்டை விடுவதெல்லாம் மெல்லிய கிளைகளில்தான். ஓரிரு பிக்சல் அகலத்தில், பின்னணியோடு ஒட்டியே ஓடும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளில் பச்சையை மட்டும் பிரித்துப் பார்த்தால் சற்றுத் தெளியும். அப்போதும் ரத்தக்கசிவின் ஓரத்தை நாளம் என்று மென்பொருள் இழுத்துவைக்கும்.

தெம்பனிஸ்வாசி:
சரி, மனிதர் மட்டும் ஒழுங்கா? 2004-ல் நெதர்லாந்தில் வெளியிட்ட ‘டிரைவ்’ என்ற விழித்திரைப் படத் தொகுப்பில் 40 படங்கள். அதில் சோதனைக்கு வைத்த 20 படங்களை இரண்டு முறை கையால் வரைந்தார்கள். இரண்டும் ஒத்துப்போனது சுமார் 95 விழுக்காடுதான். மென்பொருள் அதையும் மிஞ்சுகிறது.

ஈசூன் அக்கா:
மிஞ்சாமல் என்ன செய்யும்? முதல் வரைவுதான் விடைத்தாள். அதே கைகள் வரைந்த பயிற்சிப் படங்களில்தான் மென்பொருளும் பழகுகிறது. கைப்பழக்கத்தைக் காப்பியடித்ததற்கு மதிப்பெண்ணா? அந்த 40-ல் நீரிழிவால் வரும் விழித்திரை நோயின் அறிகுறி தெரிந்தவை 7 மட்டுமே, அதுவும் லேசாக.

தெம்பனிஸ்வாசி:
இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகப் படங்களில் செலினா பிளஸ் மென்பொருள் நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பழைய கண்ணாடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். செலினா நாளம் வரையும் கருவி அல்ல. முழுப் படத்தையும் பார்த்து, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று சொல்வது. அதைப் பற்றி 2017-ல் வந்த ஆய்வில் ஏறத்தாழ 5 லட்சம் படங்கள். நாளங்களின் அகலத்தை அளப்பது ‘சிவா’ என்ற வேறு மென்பொருள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் கணினி போட்ட கோட்டைப் பயிற்சி பெற்றவர் பார்த்துத் திருத்துவார்.

தெம்பனிஸ்வாசி:
திருத்துவது ஆராய்ச்சிக்குச் சரி. மருந்தகக் கூட்டத்துக்கு ஆள் எங்கே? மங்கலான படங்களை மென்பொருள் ஒதுக்கட்டும், மீதியை அதுவே வரையட்டும்.

ஈசூன் அக்கா:
மங்கல் படம் யாருடையது? பெரும்பாலும் கண்புரை உள்ள தாத்தா பாட்டிகளுடையது. நீரிழிவும் அந்த வயதில்தான் அதிகம். அவர்களை ஒதுக்கிவிட்டு வாங்கும் 95 எனக்கு வேண்டாம்.