கலைச்சொல் விவாதம்: ‘செல்ஃப் ஆன்டிஜெனுக்கு’ என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

நோயெதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணும் பொருளான ஆன்டிஜெனுக்குப் ‘பிறபொருளெதிரியாக்கி’ என்ற சொல் பரவலாகப் புழங்குகிறது. அது உடலின் சொந்தப் பொருளானால் ‘செல்ஃப் ஆன்டிஜென்’. தோல் நோயெதிர்ப்பு பற்றி எழுதும்போது அது முட்டி நிற்கிறது. முன்னால் ‘தன்’ சேர்த்தால் சொந்தப் பொருளே பிறபொருளாகிவிடும். ‘எதிரியாக்கி’யும் இங்கே ஒட்டாது, பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) சுரப்பது பி செல் என்ற வெள்ளணு வழி. பிற செல்களைக் கொல்லும் வெள்ளணுவான சிடி8 டி செல் காண்பதோ, செல்லின் மேற்பரப்பில் புரதத் துணுக்குகளைக் காட்டும் எம்எச்சி முதல் வகை மூலக்கூறின் பள்ளத்தில் பொருந்திய, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமில நீளமுள்ள துணுக்கு. வெண்புள்ளி நோயில் நிறமிச் செல்களான மெலனோசைட்டுகளை அழிக்கும் டி செல்கள், அச்செல்களின் புரதங்களான மெலன்-ஏ, ஜிபி100, டைரோசினேஸ் ஆகியவற்றின் துணுக்குகளை இப்படித்தான் கண்டுகொள்கின்றன. ‘தற்புரதத் துணுக்கு’ எனலாமா?

—

> ‘தற்புரதத் துணுக்கு’ எனலாமா?

புரதத்தோடு கட்டிப்போட வேண்டாம் ஐயா. மேல்தோலின் நோயெதிர்ப்புச் செல்களான மனித லாங்கர்ஹான்ஸ் செல்களில், ஆன்டிஜெனைக் காட்டும் சிடி1ஏ என்ற மூலக்கூறு மிகுதி. அது கொழுப்பையும் காட்டும்: ஸ்குவாலீன், மெழுகு எஸ்டர் போன்ற தோலின் சொந்த எண்ணெய்கள். சிடி1ஏ-வை நாடும் டி செல்கள் நோயற்றவர் இரத்தத்திலும் உண்டு.

‘தன்தூண்டி’ என்பதும் விளைவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கெரட்டின்-14 மரபணுவை இயக்கும் பகுதியான அதன் புரமோட்டரைக் கொண்டு, மேல்தோலின் கெரட்டினோசைட் செல்லில் முட்டைப் புரதமான ஓவால்புமினை உண்டாக்கிய சுண்டெலிக்கு, அப்புரதத்தை அறியும் ஓடி-1 டி செல்களைச் செலுத்தினால் தோல் நோய் வருகிறது. (வெளியிலிருந்து செலுத்தக் காரணம், அந்தப் புரமோட்டர் டி செல்கள் முதிரும் தைமஸிலும் இயங்குவது. எலியின் சொந்த டி செல்களில் ஓவால்புமினை அறிபவை அங்கேயே களையப்படும்.) ஆனால் 2007இல் வெளிவந்த சுண்டெலி ஆய்வில், தோலிலிருந்து நிணநீர் முடிச்சுக்குப் போன டென்ட்ரிடிக் செல்கள் (டி செல்லுக்கு ஆன்டிஜெனைக் காட்டுபவை) சொந்தப் பொருளைக் காட்டியபோது, அழற்சியில்லா அமைதிநிலையில் டி செல்கள் ஒழிக்கப்பட்டன. இத்தனைக்கும் அந்த டென்ட்ரிடிக் செல்களில் முதிர்ச்சியின் அடையாளங்களான எம்எச்சி இரண்டாம் வகையும் சிடி86-உம் உயர்ந்தே இருந்தன. ‘முதிர்ந்த செல் என்றால் தூண்டும்’ என்ற பாடநூல் வாய்பாடு இங்கே பொய்த்துப்போகிறது. டி செல் சீறுவது, சாவது, பிறவற்றை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்லாவது என எந்த முடிவுக்கும் இடம்கொடுக்கும் சொல் வேண்டும்.

‘குறி’யை எடுத்தால் தன்+குறி ‘தற்குறி’யாகிவிடும், அது வேண்டவே வேண்டாம். என் பரிந்துரை ‘அறிபொருள்’. டி செல் ஏற்பியால் அறியப்படும் பொருள். உண்பொருள் போல வினைத்தொகை.

—

> என் பரிந்துரை ‘அறிபொருள்’.

வழிமொழிகிறேன். ஒரு திருத்தம் மட்டும்: ‘தன்னறிபொருள்’ என்று புணர்த்தினால் தன்னைத்தானே அறியும் பொருள் என்றாகும். பிரித்தே எழுதுவோம்: தன் அறிபொருள், அயல் அறிபொருள். ‘அக’ என்ற முன்னொட்டையும் தவிர்க்க வேண்டும். ஹெர்ப்பிஸ் வைரஸ் கெரட்டினோசைட்டின் உள்ளேதான் பெருகுகிறது, ஆனாலும் அதன் புரதம் அயல்.

இதையொட்டி ‘கிராஸ் பிரசன்டேஷன்’ பற்றியும் முடிவுசெய்துவிடலாம். ‘குறுக்கு’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் புரியாது. நடப்பது இது: கெரட்டினோசைட்டின் புரதத்தை டென்ட்ரிடிக் செல் விழுங்கி, தன் சொந்தப் புரதத்துக்குரிய எம்எச்சி முதல் வகையில் ஏற்றிக் காட்டுகிறது. ‘கைமாற்றுக் காட்டல்’ என்றால் திருப்பித் தரவேண்டிய கடன் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். ‘பெற்றுக்காட்டல்’ போதும். சுண்டெலித் தோலில் இதைச் செய்வதில் தலையானவை உள்தோலான டெர்மிஸின் சிடி103 என்ற புரதம் உள்ள டென்ட்ரிடிக் செல்கள்.

லாங்கர்ஹான்ஸ் செல்லைப் போலவே அவற்றிலும் லாங்கரின் புரதம் இருக்கிறது. எனவே நம் தொகுப்பில் ‘லாங்கர்ஹான்ஸ் செல்’ பதிவில் ‘லாங்கரின் உள்ள தோல் செல்’ என்று மட்டும் விளக்கம் தந்தால் இரண்டும் கலந்துவிடும். டெர்மிஸிலும் லாங்கரின் உள்ள தனி இனம் உண்டு என்பது 2007 வரை தெளிவாகாததால், முந்தைய பல சோதனைகளில் டெர்மிஸ் செல்லின் வேலை லாங்கர்ஹான்ஸ் செல்லின் கணக்கில் ஏறியது. ‘மேல்தோலான எபிடெர்மிஸில் வாழ்வது, கருப்பருவ முன்னோடிகளிலிருந்து வந்து அங்கேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்வது’ என்று பதிவில் சேர்த்துவிடுங்கள்.