ஃப்ரீ ஃபயர்: ஒரே கிடங்கு, ஒரே சண்டை, உங்களுக்குப் பிடித்ததா?

கேள்வி: பென் வீட்லி இயக்கிய 2016 படம். 1978இல் பாஸ்டனில் ஒரு பாழடைந்த கிடங்கு, ஆயுத பேரம், முந்தைய இரவு நடந்த அடிதடியால் பேரம் கெட்டு ஆளாளுக்குச் சுட ஆரம்பிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. முதல் அரைமணி நேரம் பிரமாதம், அப்புறம் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எனக்கு மட்டும்தானா?

பதில் 1: எனக்குப் பிடித்ததே அந்தச் சண்டைதான். மற்ற படங்களில் தோளில் குண்டு வாங்கியவன் அடுத்த காட்சியில் மாடி தாவுவான், இங்கே காலில் பட்டவன் கடைசிவரை தரையில் தவழ்கிறான், பாதிக் குண்டு யார் மேலும் படுவதில்லை, வலியோடு திட்டிக்கொண்டே கிடக்கிறார்கள். வேனில் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் மென்மையான பாட்டு ஓடும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பதில் 2: சிரிப்பு சரி, ஆனால் யார் எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறார் என்றே புரியவில்லையே! இடம் புரியாவிட்டால் பதற்றம் எங்கிருந்து வரும்? இத்தனை பேரில் பிரீ லார்சன், ஷார்ல்டோ கோப்லி இருவர்தான் மனதில் நிற்கிறார்கள். 'ரிசர்வாயர் டாக்ஸ்' படத்தில் காதை அறுக்கும்போது கேமரா ஒதுங்கிவிடும், இன்றும் நடுக்கம் வருகிறது. இதில் எல்லாவற்றையும் காட்டியும் ஒன்றும் ஒட்டவில்லை.

பதில் 3: கேமரா குழப்பம் வேண்டுமென்றே செய்தது என்பது என் எண்ணம், அவர்களுக்கே யார் யாரைச் சுடுகிறோம் என்று தெரியாதே. ஆனாலும் கொட்டாவி நியாயம்தான், நானும் நடுவில் நேரம் பார்த்தேன்.