சப்கிளாஸில் கொடுத்த எண் 0 என்று வருகிறது, ஜாவா தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் பல்கலைக்கழக முதலாண்டு படிக்கிறேன், என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடித்து வந்ததால் 2 வருடம் கோடிங் பக்கமே போகவில்லை. இப்போது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பாடத்தில் ஒரே இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

ஜாவா 17, இன்டெல்லிஜே, விண்டோஸ் லேப்டாப். வெஹிக்கிள் என்று ஒரு பேரன்ட் கிளாஸ், அதன் கன்ஸ்ட்ரக்டர் கடைசி வரியில் விவரம் காட்டும் மெத்தடைக் கூப்பிடுகிறது. அதை எக்ஸ்டெண்ட் செய்யும் பஸ் கிளாஸில் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து இருக்கை எண்ணிக்கையை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். பஸ் கன்ஸ்ட்ரக்டரில் முதலில் சூப்பர் (பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் வரி), அடுத்த வரியில் எண்ணிக்கையை பஸ்ஸின் ஃபீல்டில் வைக்கிறேன். 85 கொடுத்தால் திரையில் "இருக்கை: 0". எர்ரர் எதுவும் இல்லை. அதே ஆப்ஜெக்டை வைத்து மெயினில் மறுபடி கூப்பிட்டால் சரியாக 85 வருகிறது, அதுதான் என்னைக் குழப்புகிறது.

ஃபீல்டுக்கு நேரடியாக 50 என்று கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் 0. சூப்பரை கீழே நகர்த்தினால் அது முதல் வரியாக இருக்க வேண்டும் என்று கம்பைலர் விடவில்லை. ஸ்டாட்டிக் ஆக்கினால் 50 வந்தது, ஆனால் அப்புறம் எல்லா பஸ்ஸுக்கும் ஒரே எண் ஆகிவிட்டது, அது தப்பு என்று எனக்கே தெரிகிறது. டியூட்டரின் அடுத்த வகுப்பு வியாழன், லேப் சமர்ப்பிக்க வேண்டியது புதன் இரவு.

பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் நேரத்தில் பஸ்ஸின் மெத்தட் கூப்பிடப்படுகிறது என்றால், பஸ்ஸின் ஃபீல்டு மட்டும் ஏன் இன்னும் 0 ஆக இருக்கிறது?