ஷோரூம்ல மாட்டுன ஸ்டீரியோ: வடவள்ளி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து

*7 ஜூன்*

கோகிலா (சி பிளாக்): வணக்கம்ங்க. புது வண்டி ரெண்டு நாள் நின்னாலே செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப் மூணும் டெலிவரிக்கு முன்னாடி ஷோரூம்லயே மாட்டுனது, 38,000 ரூபாய். இப்பக் கேட்டா "பேட்டரி வீக்கு, புதுசு போடுங்க. வெளி எலக்ட்ரிக்கல் ஐட்டம் இருக்கறதால வாரண்டி வராது"ங்கறாங்க. மாட்டுனதே அவங்கதானுங்களே!

தினேஷ்: அக்கா, சாயிபாபா காலனில நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துடுவாங்க.

பாலு சார் (சர்வீஸ் மேனேஜர், ஓய்வு): வேண்டாம் தினேஷ். வெளி ஆள் ஒரு ஒயரைத் தொட்டாலும் "நாங்க மாட்டினப்ப நல்லா இருந்துச்சு, அப்புறம் யாரோ கை வெச்சிருக்காங்க"ன்னு கையைக் கழுவிடுவாங்க. முதல்ல ஆதாரம், அப்புறம்தான் ரிப்பேர்.

செல்வராஜ் அண்ணன் (ஆட்டோ எலக்ட்ரீஷியன்): ஆமாம்மா. எதையும் பிரிக்காம, கிளவ் பாக்ஸை மட்டும் இறக்கி ஸ்டீரியோ பின்னாடி போட்டோ எடுங்க. ஃபாக் லேம்ப் ஸ்விட்ச் பின்னாடி ஒண்ணு. பேட்டரி ப்ளஸ்ல இருந்து லேம்ப்புக்குப் போற ஒயர் ஒண்ணு.

கோகிலா: [3 படங்கள்]

செல்வராஜ் அண்ணன்: முதல் படத்துல மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒண்ணா முறுக்கி கருப்பு டேப் சுத்தியிருக்கு பாருங்க. மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்கற லைன், ஸ்டீரியோவோட மெமரிக்கு. சிவப்புதான் ஏசிசி, சாவி போட்டா மட்டும் கரண்ட் வரணும். ரெண்டையும் சேர்த்துட்டா, சாவியை எடுத்த அப்புறமும் ஸ்டீரியோ தூங்காது. திரை இருட்டா இருக்கும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

தினேஷ்: ஏன் அப்படி மாட்டுறாங்க?

செல்வராஜ் அண்ணன்: இப்ப வர்ற நிறைய வண்டில ஸ்டீரியோ கப்ளர்ல, அதாவது ஒயர் சொருகற பிளக்ல, ஏசிசி லைனே கிடையாது. கேன் சிக்னல்லதான் (வண்டி கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பிக்கற சிக்னல்) ஸ்டீரியோ ஆன் ஆகும். அதைப் படிக்க கேன் டீகோடர் பாக்ஸ் போடணும், இல்லேன்னா ஃப்யூஸ் பாக்ஸ்ல 12 வோல்ட் சாக்கெட் ஃப்யூஸ்ல இருந்து தனி ஃப்யூஸோட லைன் எடுக்கணும். ரெண்டுக்கும் நேரமும் காசும் ஆகும். முறுக்கி விட்டா ரெண்டு நிமிஷம். ஷோரூம்ல இருந்து வெளில வர்ற வரைக்கும் வித்தியாசம் தெரியாது.

செல்வராஜ் அண்ணன்: ரெண்டாவது படம் எனக்கு இன்னும் கவலையா இருக்கு. ஸ்விட்ச் சாக்கெட் ஓரம் பழுப்பா மாறியிருக்கு, டேப்போட பசை உருகி வழிஞ்சிருக்கு. அங்க சூடு ஏறுது. 55 வாட் பல்பு ரெண்டு, மொத்தம் 110 வாட், 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர். ரிலே (பெரிய கரண்டைத் தனியா ஆன் பண்ற ஸ்விட்ச்) இல்லாம அவ்வளவும் அந்தக் குட்டி ஸ்விட்ச் வழியா போகுது. மூணாவது படத்துல பேட்டரி பக்கத்துல ஃப்யூஸே இல்ல. அந்த ஒயர் எங்கயாவது பாடில உரசி ஷார்ட் ஆனா நிறுத்த ஒண்ணும் கிடையாது, தீ பிடிக்கும். ஃபாக் லேம்ப்பைப் போடவே போடாதீங்கம்மா.

கோகிலா: ஐயோ. சரிங்கண்ணா, இனி தொட மாட்டேன்.

சுமதி அக்கா (வக்கீல்): கோகிலா, பில் எப்படிக் குடுத்திருக்காங்க? ஜிஎஸ்டி நம்பரோட டேக்ஸ் இன்வாய்ஸா, வெறும் ஆக்சஸரி ஸ்லிப்பா?

கோகிலா: கார் இன்வாய்ஸ்ல இல்லீங்க்கா. தனியா ஒரு ஸ்லிப், அதுல "ஆக்சஸரி பேக்"னு மட்டும் இருக்கு. பணம் ஷோரூம் அக்கவுண்டுக்கு யூபிஐல போட்டேன்.

சுமதி அக்கா: யூபிஐ போதும், பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வைம்மா. முறையான இன்வாய்ஸ் குடுங்கன்னு இன்னைக்கே மெயில் பண்ணு. பில் தராம இருக்கறதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல நியாயமற்ற வணிக நடைமுறை. சேல்ஸ் பையனோட வாட்ஸ்அப் சாட்டை அழிச்சுடாதே.

பாலு சார்: உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். பல டீலர்கள்ட்ட ஆக்சஸரி மாட்டுறது ஒர்க்‌ஷாப் மெக்கானிக் இல்ல. வண்டிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கற வெளி ஃபிட்டர். சேல்ஸ் ஆள் டார்கெட் முடிஞ்சதும் போனை எடுக்க மாட்டார், ஒர்க்‌ஷாப் "இது எங்க வேலை இல்ல"ம்பாங்க. அதனால சேல்ஸ் ஆள்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. சர்வீஸ் மேனேஜருக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் மெயில், கார் கம்பெனி கஸ்டமர் கேருக்கு காப்பி. அந்த ஸ்லிப்ல பார்ட் நம்பர் இருக்கா பாரும்மா. இருந்தா கம்பெனி ஜெனுவின் ஆக்சஸரி, கம்பெனியையும் கேக்கலாம். இல்லேன்னா சரக்கும் வேலையும் டீலரோட பொறுப்பு.

கோகிலா: நம்பர் எதுவும் இல்லீங்க சார்.

பாலு சார்: அப்ப டீலர்தான்.

செல்வராஜ் அண்ணன்: நாளைக்குக் காலைல வந்து அளந்து குடுத்துடறேன். இன்னைக்கு ராத்திரி பேட்டரியை ஃபுல் சார்ஜ் போட்டு, நெகட்டிவ்வைக் கழட்டி வெச்சிடுங்க. காலைல 12.6 வோல்ட் பக்கம் நின்னா பேட்டரி கரண்டைப் பிடிச்சு வெக்குதுன்னு தெரிஞ்சுடும். "பேட்டரி வீக்கு"ங்கற பேச்சு அங்கயே செல்லாமப் போயிடும்.

*8 ஜூன்*

செல்வராஜ் அண்ணன்: பேட்டரி 12.6, அப்படியே நிக்குது. பேட்டரி நல்லா இருக்கு.

செல்வராஜ் அண்ணன்: அப்புறம் நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர், 10 ஆம்பியர் பாயிண்ட்ல. பானெட் லாக்கையும் கதவு லாக்கையும் ஸ்க்ரூ டிரைவரால அழுத்தி மூடினாப்புல வெச்சு, சாவியை வீட்டுக்குள்ள குடுத்துட்டு அரை மணி நேரம் விட்டோம். வண்டில இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கணும், அதுக்கு முன்னாடி எடுத்த ரீடிங் செல்லாது. வேற யாராவது இதைச் செய்யறதா இருந்தா, மீட்டர் மாட்டியிருக்கறப்ப சாவி போட்றாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

செல்வராஜ் அண்ணன்: சும்மா நிக்கற வண்டி இழுக்கற கரண்ட், ரீடிங் 620 மில்லி ஆம்பியர். 50க்குள்ள இருக்கணும். ஸ்டீரியோ ஃப்யூஸை எடுத்ததும் 30க்கு இறங்குது, திரும்பப் போட்டா மறுபடி ஏறுது. ஒயரைத் தொடலை. எல்லாம் ஒரே வீடியோல இருக்கு, நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு கட் பண்ணாம எடுத்தது.

தினேஷ்: அப்ப பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்ங்கண்ணா?

செல்வராஜ் அண்ணன்: 35 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி. 620 மில்லின்னா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 15 ஏஎச் போயிடும். பாதி காலியானாலே செல்ஃப் திணறும், அதுக்கு ஒண்ணேகால் நாள் போதும். இப்படி அடிக்கடி அடிமட்டம் வரைக்கும் இறங்கினா நல்ல பேட்டரியும் ஆயுசு குறைஞ்சு போகும். அதனால பேட்டரியும் அவங்க கணக்குலதான் வரணும்.

சுமதி அக்கா: இதான் வேணும். மெயில் எழுதித் தர்றேன், இப்படியே அனுப்பு:

"என் வாகனத்தில் தங்கள் நிறுவனம் பொருத்திய ஸ்டீரியோவின் ஏசிசி, பேட்டரி இணைப்புகள் ஒன்றாக முறுக்கப்பட்டுள்ளன. நின்ற நிலையில் 620 மில்லி ஆம்பியர் கசிவு உள்ளது. ஸ்டீரியோ ஃப்யூஸை எடுத்தால் 30 ஆகக் குறைகிறது. ஃபாக் லேம்ப் இணைப்பில் ஃப்யூஸும் ரிலேவும் இல்லை. ஸ்விட்ச் உருகத் தொடங்கியுள்ளது. படங்களும் வீடியோவும் இணைப்பில். நான் கேட்பவை: (1) இணைப்புகளை முறையாக மாற்றித் தருதல், வெட்டப்பட்ட ஒயரிங்கை மாற்றுதல்; (2) புதிய பேட்டரி; (3) இந்த வேலையால் கம்பெனி வாரண்டி பாதிக்கப்படாது என்ற கடிதம்; (4) முறையான இன்வாய்ஸ். 15 நாட்களுக்குள் செய்யாவிட்டால் 38,000 ரூபாயைத் திரும்பக் கோரி நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

சுமதி அக்கா: "மன உளைச்சல்", "ஏமாத்திட்டீங்க" எல்லாம் இதுல வேண்டாம். அளவும் கோரிக்கையும் மட்டும். இதையே பிரிண்ட் எடுத்து ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பு, டெலிவரி ரிப்போர்ட்டை சேவ் பண்ணி வை.

*24 ஜூன்*

கோகிலா: கெடு நேத்தோட முடிஞ்சுதுங்க்கா. ஒரே ஒரு போன் வந்துச்சு. பாதி விலைக்கு பேட்டரி தர்றாங்களாம், "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்த்து வெக்கறோம்"ங்கறாங்க.

பாலு சார்: ஜாப் கார்டு (என்ன வேலைக்கு வண்டியை விடறோம்னு எழுதற சீட்டு) இல்லாம வண்டியை விடாதேம்மா. ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு எழுதுவாங்க. "620 மில்லி ஆம்பியர் கசிவு, ஃபாக் லேம்ப் ஃப்யூஸ் இல்லை"ன்னு உன் வார்த்தைல எழுதச் சொல்லி காப்பி வாங்கு. இல்லேன்னா ராவோட ராவா ஒயரைப் பிரிச்சு மாத்திட்டு "குறையே இல்ல"ன்னு குடுத்துடுவாங்க.

சுமதி அக்கா: பாதி விலையை ஒத்துக்காதே. 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார் பதிவு பண்ணு, டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வரும். அது கோர்ட் இல்ல, உத்தரவு போடாது. ஆனா டீலருக்கு எழுத்துல ஒரு கேள்வி போகும், நிறைய விஷயம் அதுலயே முடியுது. முடியலேன்னா இ-ஜாக்ரிதி தளத்துல மாவட்ட ஆணையத்துக்கு மனு. குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயமும் இல்ல. ஷோரூம் எந்த ஊர்ல இருந்தாலும் நீ குடியிருக்கற கோயம்புத்தூர்லயே போடலாம். பிரச்சினை எழுந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

தினேஷ்: காரோட முழு விலையையும் கேக்கலாமாக்கா?

சுமதி அக்கா: கார்ல தயாரிப்புக் குறை இல்லையே தினேஷ். மாட்டுன வேலைலதான் குறை. அதிகமாக் கேட்டா கேஸ் இழுக்கும், உள்ளதும் பலவீனமாகும். 38,000, பேட்டரி விலை, அலைச்சலுக்கும் செலவுக்கும் நியாயமா ஒரு தொகை. அவ்வளவுதான்.

*3 ஜூலை*

கோகிலா: 1915ல இருந்து டீலருக்குக் கேள்வி போனதும் ஜெனரல் மேனேஜரே கூப்பிட்டாருங்க. நாலு கோரிக்கையும் சரின்னு மெயில்லயே எழுதிட்டாங்க. நாளைக்கு வண்டியை விடணும்.

செல்வராஜ் அண்ணன்: நல்லதும்மா. டேஷ்போர்டு மூடறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க, மூடிட்டா ஒண்ணும் தெரியாது. பார்க்க வேண்டியது: கேன் டீகோடர் பாக்ஸ் போட்ட கப்ளர் ஒயரிங், ஒரிஜினல் ஒயர்ல புது வெட்டு இருக்கக் கூடாது. ஃபாக் லேம்ப்புக்கு 30 ஆம்பியர் ரிலே, பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். என்ஜின் பக்கத்துல இருந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்துக்கு மாட்டற வளையம்) இருக்கணும், இல்லேன்னா தகடு ஒயரை அறுத்துடும். பழைய ஸ்விட்ச்சை மாத்தணும், துடைச்சுட்டு மாட்டக் கூடாது. கடைசியா அவங்க மீட்டர்லயே அரை மணி நேரம் விட்டு ரீடிங் காட்டச் சொல்லுங்க.

சுமதி அக்கா: "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு கையெழுத்து கேப்பாங்க. "30 நாள் ஓட்டிப் பார்த்தபின் உறுதி செய்வேன்"னு எழுதி, அதுக்குக் கீழ கையெழுத்து போடு.

*5 ஜூலை*

கோகிலா: [ஜாப் கார்டு படம்] எல்லாம் அண்ணன் சொன்ன மாதிரியே பார்த்துட்டேனுங்க. ரீடிங் 28 மில்லி ஆம்பியர், ஜாப் கார்டுலயே எழுதி வாங்கிட்டேன். புது பேட்டரி, வாரண்டி கடிதம் வந்துடுச்சு. இன்வாய்ஸ்ல மூணு பொருளும் தனித்தனி விலையோட இருக்கு.

பாலு சார்: அந்த இன்வாய்ஸை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி எலக்ட்ரிக்கல் ஆக்சஸரியா பாலிசில சேர்க்கச் சொல்லு. ஐஎம்டி 24ன்னு கேளு, பொதுவா பொருளோட மதிப்புல 4 சதவீதம் பிரீமியம். சேர்க்கலேன்னா விபத்துல ஸ்டீரியோ போனாலும் ஃபாக் லேம்ப் உடைஞ்சாலும் அதுக்குக் காசு வராது.

கோகிலா: இப்பவே ஏஜென்ட்டுக்கு அனுப்பிட்டேனுங்க சார்.