பதினேழாம் நூற்றாண்டில் மன்னராட்சியைக் கவிழ்த்து இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் குடும்பப் பெயர் வில்லியம்ஸ். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பொன்வண்டு: நேற்று இங்கே ஒருவர், "ஆலிவர் கிராம்வெல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் நேரடி வாரிசு" என்று எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டல் வேறு. படித்ததும் எரிச்சலாகிவிட்டது. தாமஸின் சகோதரி கேத்தரின், லண்டன் பக்கத்தில் பட்னியில் பியர் காய்ச்சி விற்ற மார்கன் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரரைக் கட்டிக்கொண்டார். அவர்கள் மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ், தாய்மாமன் அரசவையில் கொடிகட்டிப் பறந்தபோது அவர் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார். ரிச்சர்டின் மகன் ஹென்றி, அவர் மகன் ராபர்ட், அவர் மகன்தான் 1599இல் பிறந்த ஆலிவர். தந்தை வழியில் பார்த்தால் வில்லியம்ஸ். அவ்வளவுதான்.

கல்மண்டபம்: "ஒட்டிக்கொண்டார்" என்ற சொல்லே தப்பு ஐயா. ஆதாயத்துக்காக மட்டும் வைத்த பெயர் என்றால் 1540இல் மன்னர் ஹென்றியின் ஆணையால் தாமஸின் தலை போன மறுநாளே தூக்கி எறிந்திருக்க வேண்டுமே? அந்தப் பெயரைச் சொல்லவே பலர் பயந்த நேரத்திலும் ரிச்சர்ட் அதை விடவில்லை. அதற்கப்புறம் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் அதே பெயரில் வாழ்ந்து அதே பெயரில் செத்தார்கள். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

பொன்வண்டு: பெயரை விடவில்லை, சரி. ராம்சே மடத்து நிலத்தையும் ஹின்சிங்புரூக் கன்னிமாடத்தையும் விட்டாரா? ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது ரிச்சர்டின் கைக்கு வந்த சொத்து அது. அந்தக் குடும்பத்தின் பத்திரங்களைப் பாருங்கள், "கிராம்வெல் என்கிற வில்லியம்ஸ்" என்று தலைமுறை தலைமுறையாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

கல்மண்டபம்: "என்கிற" போட்டதெல்லாம் கணக்கு என்றால் தாமஸின் அப்பா வால்டரும் ஆவணங்களில் ஸ்மித் என்றும் கிராம்வெல் என்றும் இரண்டு பெயரில் வருகிறார். அப்போது தாமஸும் கிராம்வெல் இல்லையா? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

பொன்வண்டு: வால்டரை இழுப்பது திசைதிருப்பல். நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஆலிவரின் தந்தை வழி வில்லியம்ஸா, இல்லையா?

செங்காந்தள்: இவர் தந்தை வழி பேசுவதுதான் எனக்கு வேடிக்கை. போன மாதம் இங்கிலாந்தின் டியூடர் அரச வம்சம் பற்றிய இழையில் இவரே என்ன எழுதினார்? அந்த வம்சத்தின் மூதாதை ஓவன் டியூடரின் அப்பா பெயர் மரேடித், டியூடர் என்பது தாத்தாவின் பெயர், வேல்ஸ் வழக்கப்படி அந்தப் பெயரே வந்திருக்கக் கூடாது. ஆனாலும் "வரலாறு டியூடர் என்றுதான் சொல்கிறது, மாற்ற நீ யார்" என்று என்னிடம் எகிறினார். அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

பொன்வண்டு: அங்கே தாத்தாவின் பெயர், தந்தை வழியிலேயே வந்தது. இங்கே தாய்மாமன் பெயர். இந்த வித்தியாசம் புரியாதவரோடுதான் போன மாதமும் மாரடித்தேன்.

சிறுதூறல்: பெயர் எதுவாக இருந்தால் என்ன, 1649இல் அயர்லாந்தில் ட்ரோகெடாவில் அந்த ஆள் நடத்திய படுகொலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. வீட்டுப்பெயருக்கு இவ்வளவு பக்கமா?

கல்மண்டபம்: அதற்குத் தனி இழை போடுங்கள் தோழர். இங்கே பேசுவது குடும்பப் பெயர்.

சிறுதூறல்: நீங்கள் சொல்லி நான் நிறுத்த வேண்டுமா? இழையை ஆரம்பித்தது நீங்களும் இல்லையே.

பொன்வண்டு: ட்ரோகெடாவைப் பேச நானும் தயார், ஆனால் முதலில் கேட்டதற்குப் பதில் வரட்டும். தாமஸின் நேரடி வாரிசு வேண்டும் என்றால் அவர் மகன் கிரெகரி இருக்கிறார், ராணி ஜேன் சீமோரின் தங்கை எலிசபெத்தைக் கட்டியவர், கிராம்வெல் பிரபு பட்டம் அவர் வழியில்தான் போயிற்று. ஆலிவருக்கு அந்தப் பட்டத்தோடு ஒரு ஒட்டும் இல்லை. தாமஸ் அவருக்கு யார் என்றால், கொள்ளுத்தாத்தாவின் தாய்மாமன். இதை "நேரடி வாரிசு" என்று எழுதியவர் இன்னும் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கல்மண்டபம்: நேரடி வாரிசு என்று நான் சொன்னேனா? கிராம்வெல் என்பது அவர் பெயர் என்றேன். 1653இல் நாட்டின் காப்பாளராகப் பதவி ஏற்றபோது எந்தப் பெயரில் ஏற்றார்? மன்னராட்சி திரும்பியதும் 1661இல் அவர் பிணத்தைத் தோண்டித் தூக்கில் போட்டார்களே, எந்தப் பெயருக்கு அந்த ஆத்திரம்? வில்லியம்ஸ் மேலா?

செங்காந்தள்: அப்படிக் கேளுங்கள்! வால்டர் ஸ்மித்துக்கும் இன்னும் பதில் வரவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

பொன்வண்டு: எந்தப் பெயரில் தூக்கில் போட்டார்கள் என்பது சட்டத்தின் கதை, பெயர் எங்கிருந்து வந்தது என்பது குடும்பத்தின் கதை. நூறு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்: மார்கன் வில்லியம்ஸ், பட்னி, பியர் காய்ச்சியவர். நாளை அந்தக் குடும்ப மரத்தை முழுதாக வரைந்து இங்கேயே போடுகிறேன்.

கல்மண்டபம்: வரையுங்கள். வால்டர் பக்கத்தில் ஸ்மித் என்று எழுத மறக்காதீர்கள்.